கதவைத் தொடுமுன்

கலாமாவில் மழையை நம்பி
யாரும் கூரை போட்டதில்லை.
எப்போதாவது நாலு துளி விழுந்தால்
ஊரே வாளி தேடும்.
மற்ற நாளெல்லாம் அடகாமா காற்று
உதட்டை உரிக்கும்,
தலைமுடியைச் சீப்போடு கூட்டிக்கொண்டு போகும்,
காரிலிருந்து இறங்குகிறவரை
சுள்ளென்று ஒரு சொடக்கில் வரவேற்கும்.

எனக்குப் பழகிவிட்டது.
வேன் கதவை இடுப்பால் சாத்துவேன்.
சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்.
நைலான் இருக்கை, நைலான் மேல்சட்டை,
அதிகாலை நாலரைக்குப்
பதினாறு பேர் இறங்குவார்கள்.
பதினாறு 'ச்சே'.
சில நாள் பதினேழு.
இடுப்பை நம்பவும் முடிவதில்லை.

யெர்கோவுக்கு ஏழு நாள் மலைமேல் வேலை,
ஏழு நாள் ஓய்வு.
அதனால் எங்கள் மகளுக்கும் ஷிஃப்ட்தான்.
புதன்கிழமை மாலை ஆறரை,
அந்தோஃபகாஸ்தா சாலைப் பெட்ரோல் பங்க்,
டயருக்குக் காற்றடிக்கும் இடம்.
என் வேன். அவன் பிக்கப்.
நடுவில் எண்ணெய்க் கறை படிந்த பன்னிரண்டு அடி.
அவன் வாசலுக்கு நான் போவதில்லை,
என் வாசலுக்கு அவன் வருவதில்லை.
வக்கீல் போட்ட விதி அல்ல,
நாங்களே வைத்துக்கொண்டது.

பங்கில் வேலை செய்யும் வில்னர் ஹெய்ட்டிக்காரன்.
கடலும் வியர்வையுமாய் வளர்ந்த உடம்பு.
வந்த வாரம் ஷாக் அடித்தபோது
இந்த ஊருக்கே தன்னைப் பிடிக்கவில்லை
என்று நினைத்தானாம்.
இப்போது பம்ப் பக்கத்தில்
அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறான்:
'இறங்கியதும் இரும்பைத் தொடவும்.
அப்புறம் கோபப்படவும்.'
மூன்று எழுத்துப்பிழை.
முதலாளி இன்னும் கிழிக்கவில்லை.

யஸ்னாவுக்கு ஒன்பது வயது.
அவளுக்கு அட்டை வேண்டாம்.
உட்கார்ந்தபடியே கதவுச் சட்டத்தின் இரும்பைப் பிடிப்பாள்.
பிடித்த கையை விடாமல்
ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.
"சேர்ந்ததெல்லாம் போயிடும்மா.
மெதுவா. நமக்கே தெரியாம."
யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.
"யாருமில்லை. அடி வாங்கி அடி வாங்கித்தான்."

போன புதன் அவள் இன்ஹேலர்
என் வேனிலேயே தங்கிவிட்டது.
பிக்கப் கிளம்பிவிட்டிருந்தது.
ஹாரனை விடாமல் அழுத்தினேன்,
இருக்கையில் வழுக்கி இறங்கினேன், ஓடினேன்.
இடுப்பு, இரும்பு, அட்டை
ஒன்றும் நினைவில் இல்லை.
அவனும் அதே அவசரத்தில்
எதையும் தொடாமல் இறங்கி வந்தான்.

இன்ஹேலர் சின்னது.
விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் நடுவே
ஒரு நீலப் பொறி.
குளிர்கால இருட்டு, கண்ணுக்கே தெரிந்தது.
"ஆ" என்றோம்,
இரண்டு பேரும், ஒரே சுருதியில்.

பட்ட விரலிலேயே படும் என்பது சரிதான்.
இரண்டு வருஷமாய் அவனைத் தொட்டதில்லை.
நீதிமன்றத்தில் இருவருக்கும் ஒரே பேனா கொடுத்தார்கள்.
அதைக்கூட அவன் மேஜையில் வைத்தான்,
நான் மேஜையிலிருந்து எடுத்தேன்.

அவன் கையை உதறினான்.
நான் விரலை வாயில் வைத்திருந்தேன், சின்னப்பிள்ளை மாதிரி.
சிரித்தானா, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கினானா?
"உன்கிட்டே எப்பவுமே கொஞ்சம் அதிகம், நினோஸ்கா."
"பாதி உன்னோடது."
அதோடு நிறுத்திக்கொண்டோம்.
இன்னொரு வாக்கியம் பேசியிருந்தால்
பழைய சண்டை ஏதாவது எழுந்து வந்திருக்கும்,
பாத்திரம், வாடகை, அவன் அக்கா.

"பங்க்கிலே பொறி பறக்க விடாதீங்கய்யா!"
பம்ப் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு
வில்னர் கத்தினான்.
பிக்கப் சன்னலில் யஸ்னாவின் முகம்.
ஒரு கை கதவு இரும்பின்மேல்,
இறங்கலாமா வேண்டாமா என்று.

வேனுக்குத் திரும்பி
கைப்பிடியை நேராகவே பிடித்தேன்.
ஒன்றும் அடிக்கவில்லை.
பின்னிருக்கைக்கு அடியில்
அவளுடைய கணக்கு நோட்டும் கிடந்தது.

பார்த்தேன்.
இரண்டாம் முறை ஹாரன் அடிக்கவில்லை.